முதலாளி மீசையும் நீல விளக்கும்

சிரிப்பு வரும், கொஞ்சம் பொறுங்க. முதல்ல மயிலாத்தா கையைப் பாருங்க: சாயப்பட்டறையில் வெந்து, வெடித்து, சோறு பிசையக்கூட முடியாத கை.

தோலில் சாயம் எவ்வளவு படுதுன்னு சோதிக்க வந்த ஆபீசர், சாயத் தொட்டியில் ஒரு பொடியைக் கலந்தார். ஒட்டின இடமெல்லாம் நீல விளக்கில் மின்னுமாம்.

"எவ கை மின்னுதோ, அவளுக்கு வேலை கிடையாது!" என்று உறுமினார் முதலாளி சென்னியப்பன்.

"உங்க சோப்பும் துண்டும் குடுத்தீங்கன்னா சுத்தமா கழுவிடறோமுங்க" என்றாள் மயிலாத்தா.

"கழுவித் தொலைங்க!" சோப்போடு தன் தோள் துண்டையும் வீசினார் முதலாளி.

பெண்கள் எல்லாரும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்கள், துடைத்தார்கள், துண்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். விளக்கு எரிந்தது. ஒரு கையும் தப்பவில்லை.

"அத்தனை பேரும் வெளிய போங்க!" கத்திய முதலாளி, அதே துண்டால் முகத்து வியர்வையைத் துடைத்தார்.

"நீங்களும் வாறீங்களாங்க?" என்றாள் மயிலாத்தா.

சுவர்க் கண்ணாடியில் தன் மீசை மின்னுவதைப் பார்த்த சென்னியப்பன், துண்டைப் பாம்பு மாதிரி உதறினார்.