ஊருணிக்குப் போட்ட வேலி

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. கடல் காற்று பாதியைத் தூக்கிக்கொண்டு போய்விடும், அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது.

வெள்ளமுனைக் கரையில் ஒரு மடம். மடத்தில் ஒரு சாமி. மௌனச்சாமி என்று பெயர். யார் வைத்த பெயரோ, அவர் வாயை மூடி ஊரில் ஒருத்தரும் பார்த்ததில்லை. அவருக்குச் சீடன் ஒருத்தன், நம்புவேல். வயதில் சாமிக்கு மூத்தவன். எதிரே இருக்கிற தீவுகளுக்கு யாரும் போகாமல் பார்த்துக்கொள்கிற வாச்சர் வேலை அவனுக்கு. பவளப்பாறையும் கடற்பசுவும் அழிந்துபோகக் கூடாதென்று அரசாங்கம் தீவைச் சுற்றி மிதவை போட்டு, உள்ளே வராதே என்று சொல்லியிருந்தது.

ஒரு நாள் காலை நம்புவேல் மடத்துக்கு வந்தான். மடத்துக்குப் பக்கத்தில்தான் ஊரே குடிக்கிற ஊருணி. தூரத்துப் பனையடியிலேயே செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்து, ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்தான்.

“சாமி, இந்த வேலையும் வேண்டாம், இந்த ஊரும் வேண்டாம்.”

“போன வாரமும் இதைத்தானே சொன்ன. புதுசா ஏதாவது சொல்லு அப்பு.”

“நேத்து தீவோரம் என் தங்கச்சி சேதுராக்கு முங்கிக் கடல்பாசி எடுத்தா. மூட்டையைப் பிடுங்கிட்டேன். முங்குற கண்ணாடியையும் வாங்கி வச்சுட்டேன். அவ மக காதுகுத்துக்கு என் மடி வேண்டாமாம். வேற ஆளை உட்கார வச்சுக் குத்திக்கிறாளாம். தாய்மாமன் நான் உயிரோட இருக்கேன் சாமி.”

“மூட்டையில என்ன இருந்துச்சு?”

“அதைச் சொல்லத்தான் வந்தேன். எங்கம்மா காலத்துல அடியை விட்டுட்டு நுனியைக் கிள்ளுவாங்க. திரும்பத் தழைக்கணும்ல? இப்ப அடியோட பிச்சு, பாறைத் துண்டையும் சேத்து வாரியிருக்கா. காவல் இல்லாதப்ப ஒழுங்கா இருந்தவங்க, காவல் போட்ட பிறகு இப்படிப் பண்றாங்க. கடலைக் காப்பாத்தத்தானே சொல்றோம்? ஏன் சாமி கேக்க மாட்டேங்கிறாங்க?”

சாமி எழுந்து வாசலுக்கு வந்து ஊருணியைக் காட்டினார்.

“அரிவாளை எடு. கருவேல முள்ளை வெட்டி ஊருணியைச் சுத்தி வேலி போடு.”

“யாரைக் கேட்டு?”

“யாரையும் கேக்காதே. ஊருணியைக் காப்பாத்தத்தானே போடுறோம்? காலையில கொஞ்ச நேரம் திறந்துவிடு. மத்த நேரம் யாரு வந்தாலும் விசிலை ஊது.”

குரு சொல்லைத் தட்ட முடியுமா? போட்டான்.

சாயங்காலம் பெண்கள் குடத்தோடு வந்து நின்றார்கள்.

“இதென்ன கூத்து? எங்க பாட்டன் வெட்டின ஊருணி.”

“தண்ணி கெட்டுப்போகக் கூடாதுன்னு சாமி உத்தரவு. காலையில வாங்க.”

“இத்தனை நாளா நாங்க கெடுத்தா வச்சிருந்தோம்?”

“விடுங்கடி,” என்றாள் சேதுராக்கு. “வாச்சரய்யா தீவைப் பாத்தாக, ஊருணியைப் பாக்குறாக. அடுத்து நம்ம அடுப்பங்கரைக்கு வந்துருவாக.”

அண்ணே, அண்ணே என்று கூப்பிட்ட வாய். மூட்டை போன நாளிலிருந்து வாச்சரய்யா.

நாலைந்து நாள்தான் போயிருக்கும். வேலியில் ஆள் நுழைகிற அளவுக்குப் பொத்தல். தண்ணீர் கலங்கிச் சேறாய்க் கிடந்தது. எவனோ ஒருத்தன் படித்துறையில் மோட்டார் சைக்கிளைக் கழுவிவிட்டுப் போயிருந்தான். கரை முழுக்கச் செருப்புத் தடம். அந்தக் கரையில் அதற்கு முன்னால் செருப்புத் தடத்தை யாரும் கண்டதில்லை.

அன்றைக்குப் பொழுது மசங்கின நேரம் உள்ளே சத்தம் கேட்டது. நம்புவேல் விசிலை ஊதினான். பாதிக் குடத்தோடு ஓடின உருவத்தை முள்ளுக்கு வெளியே மறித்துப் பிடித்தான். பார்த்தால் தங்கச்சி.

“செருப்புக் காலோடயா ஊருணியில இறங்கின?”

“கழட்டிப் போட்டுட்டு வந்தா, வாச்சரய்யா விசில் ஊதினதும் இந்த முள்ளுல எப்படி ஓடுறதாம்?”

“குடத்தை மெதுவா அமுக்க வேண்டியதுதானே? இப்படியா கலக்குவ?”

“மெதுவா அமுக்க எங்க விடுறீக?”

அவள் போய்விட்டாள். நம்புவேல் விசிலைக் கையில் பிடித்தபடியே சாமியிடம் ஓடினான்.

“சாமி, ஊருணி பாழாப்போச்சு. வேலியைப் பிரிச்சுடறேன்.”

“பிரி.”

பிரித்தான். முள்ளைக் கூட்டிக் கொளுத்தினான். விசிலைக் கழற்றி ஆணியில் மாட்டினான். மறுநாள் காலையில் முதல் குடம் வந்தது. செருப்போடு வந்தது. இரண்டாவது குடமும் அப்படித்தான்.

“வேலியைத்தான் எடுத்தாச்சே. இன்னும் ஏன் சாமி?”

சாமிக்கு எரிச்சல் வந்துவிட்டது.

“ஊருணி இப்ப உனக்கும் எனக்கும் சொந்தம் அப்பு. நாமதானே வேலி போட்டோம்? மண்வெட்டியை எடு. நாம ரெண்டு பேருமே தூர் வாரிக்குவோம்.”

“ரெண்டு பேரால ஆகிற வேலையா சாமி?”

சாமி எழுந்து தெருவில் இறங்கி நடந்தார். நம்புவேல் பின்னாலேயே போனான். சேதுராக்கு வீட்டு வாசலில் இருவரும் வெறுந்தரையில் உட்கார்ந்தார்கள்.

“தாயி, உங்களைக் கேக்காம வேலி போட்டுட்டேன். இப்ப என்ன செய்யலாம்னு நீ சொல்லு.”

அவ்வளவுதான், சேதுராக்கு ஆரம்பித்தாள். ஊருணியில் ஆரம்பித்துக் கடலுக்கு வந்தாள். எந்தப் பாறையில் பாசி இளசு, எந்த நாளில் தொடக் கூடாது, எந்த ஊர் இழுவை மடி வலை வந்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போகிறது, ஒழுங்காய் இருந்தவளைக் கள்ளி மாதிரி ஓட வைத்தது யார், ஒன்றையும் விடவில்லை. அக்கம்பக்கத்துப் பெண்களும் வந்து சேர்ந்துகொண்டார்கள்.

“மீன் குஞ்சு அண்டுற இடம் பூரா மிதவைக்கு வெளியில கிடக்கு. எங்க போடலாம்னு ஒரு வார்த்தை எங்களைக் கேட்டீகளா வாச்சரய்யா?”

“அது மேலிடத்து...” என்று நம்புவேல் வாயெடுத்தான்.

சாமி எட்டி அவன் வாயைப் பொத்தினார்.

காது குத்த வேண்டிய அந்தப் பிள்ளை தவழ்ந்து வந்து மாமன் மடியில் ஏறியது. சேதுராக்கு பார்த்தாள். இறக்கிவிடவில்லை. திட்டையும் நிறுத்தவில்லை.

வெயில் உச்சிக்கு வந்தது. மௌனச்சாமி ஒரு வார்த்தை பேசவில்லை. பொத்தின கையையும் எடுக்கவில்லை.