ஆனை இழுத்தும் வராத மறை

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை போகும் சாலையில், ஆழியாறுக்குச் சற்று முன்னால் பரஞ்சோதியின் பைக் பட்டறை இருக்கிறது. மேகலா அங்கே வந்து நின்றபோது அவள் வண்டியின் முன்கண்ணாடி கிளம்பும்போது ஆடியதைவிட அதிகமாகவே ஆடிக்கொண்டிருந்தது. மலையில் தூறல் போட்டிருந்தது. மூக்குக்கண்ணாடி போட்டவள், சாரலைத் தடுக்கும் முன்கண்ணாடி இல்லாமல் அந்த மழையில் கொண்டை ஊசி வளைவுகளில் ஏற முடியாது. சாயங்காலத்துக்குள் வால்பாறைப் பள்ளிக்கூடத்தில் போய் வேலைக்குச் சேர வேண்டும்.

"மறை கழண்ட வண்டிய வெச்சுட்டு மலை ஏறப் போறியா? பஸ்ஸுல போ" என்றுதான் அப்பா காலையில் சொன்னார். மேகலா அப்பாவிடம் எதிர்த்துப் பேசிப் பழகாதவள். பேசாமல் சாவியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். இப்போது திரும்பிப் போனால் அந்தச் சாவி மறுபடி அவள் கைக்கு வராது.

பரஞ்சோதி ஸ்பேனரைப் போட்டுத் திருகினார். போல்ட்டோடு சேர்ந்து, அதைப் பிடித்து நிற்க வேண்டிய, பிளாஸ்டிக் தாங்கிக்குள் பதித்திருந்த பித்தளை மறையும் சுற்றியது.

"மறை கழண்டிருச்சுங் அம்மிணி."

"வண்டிக்குத்தான? உனக்குன்னு நெனச்சேன்" என்றாள் பக்கத்து டீக்கடை மயிலாத்தாள், பஜ்ஜி மாவைக் கலக்கிக்கொண்டே.

பரஞ்சோதி அதைக் காதில் வாங்கவில்லை. அவளிடமே கொஞ்சம் ஆப்ப சோடா வாங்கி மறையைச் சுற்றித் தூவினார். அதன்மேல் நொடியில் இறுகும் குயிக் பசையைச் சொட்டுச் சொட்டாக விட்டு, உள்பக்கமிருந்து கட்டைவிரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"நிக்குங்களாண்ணா?" என்று மேகலா மெல்லக் கேட்டாள்.

அவரிடம் கேட்கக்கூடாத கேள்வி அது.

"நிக்குமாவா? போன ஆடியில பாலக்காட்டு யாவாரி ஒருத்தருக்கு இதே மாதிரி மறை போட்டுக் குடுத்தேன். கணவாய்க் காத்து அடிச்சுது பாருங்க, அவரு வேட்டி பறந்து உடுமலைல ஒரு தென்னையில மாட்டிருச்சு. சட்டை தாராபுரம் போயிருச்சு. கண்ணாடி அசையல."

"அந்தாளு?" என்றாள் மயிலாத்தாள்.

"கண்ணாடியப் புடிச்சுட்டு வந்து சேந்தாருங்க்கா. வண்டி சித்த நேரங்கழிச்சு வந்துச்சு."

மேகலா சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள். பரஞ்சோதிக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

"அதோட போச்சா? காத்து அந்தக் கண்ணாடில மோதித் திரும்பிருச்சு. பல்லடம் வரைக்கும் அத்தனை காத்தாலையும் பின்னால சுத்துது. கரண்டும் பின்னால ஓடுது. வீட்டுல ஃபேனைப் போட்டா காத்து மேல அடிச்சுக் கூரை ஓட்டைத் தூக்குது. காத்தாலைக்காரங்க வந்து கண்ணாடியக் கழட்டச் சொல்லிக் கும்புடறாங்க. கழட்டறதுக்கு என்னாலயே முடியலைங்க."

"எங்கூட்டு ஓடு பறக்கலையே?"

"நீங்க ஃபேன் போடறதில்லையேக்கா, கரண்டு பில்லுக்குப் பயந்துட்டு."

மயிலாத்தாள் மாவை ஒரு சுற்று வேகமாகக் கலக்கினாள். அது உண்மைதான்.

"அப்பறம் அந்த யாவாரி வால்பாறை போறாரு. ஒம்பதாவது வளைவுல ஒரு ஆனை. கண்ணாடியத் தும்பிக்கையால சுத்திப் புடிச்சு இழுக்குது. பொழுதுக்கும் இழுக்குது. மறை அசையோணுமே? தும்பிக்கைதான் நீண்டுபோச்சு. இப்ப அந்த ஆனை ஒம்பதாவது வளைவுல நின்னுட்டே கீழ ஆழியாறு டேம்ல தண்ணி குடிக்குது."

"நான் பாத்ததில்ல."

"பொம்பளைங்க பாத்தாக் குடிக்காதுங்க்கா. வெக்கம். அதுமட்டுமா, இழுத்த இழுப்புல தந்தம் ரண்டும் லொடலொடன்னு ஆடிருச்சு. தானா இறங்கி இந்தப் பட்டறைக்கு வந்துச்சு. ரண்டு தந்தத்துக்கும் மறை போட்டு முடுக்கி அனுப்புனேன். இனிப் பத்தாம் நம்பர் ஸ்பேனர் இல்லாம ஒரு திருடனும் அதைக் கழட்ட முடியாது. சரிங் அம்மிணி, காஞ்சிருக்கும்."

கையை எடுக்கப் போனார். கை வரவில்லை.

மேகலா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவர் தோள் ஒருமுறை வெட்டியது. முகத்தில் மட்டும் சிரிப்பு அப்படியே இருந்தது.

"ஏப்பா, கைய எடுக்கல?" என்றாள் மயிலாத்தாள்.

"இன்னும் காயலைங்க்கா."

"நீ பேசுன பேச்சுக்கு ஆனைக்கே காஞ்சிருக்குமே."

பரஞ்சோதி இன்னொரு முறை, யாரும் பார்க்காத மாதிரி இழுத்துப் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில், "கொஞ்சம் வெந்நி ஊத்துனா வந்துரும்" என்றார்.

"வெந்நிக்கே வந்துருமா? அப்ப மழைக்கு? பாவம், அந்தப் புள்ள மலை ஏறோணும்."

பரஞ்சோதி மேகலாவைப் பார்த்தார், மலையைப் பார்த்தார், தன் கட்டைவிரலைப் பார்த்தார். வரும் என்றால் பட்டறையின் பேர் போய்விடும். வராது என்றால் விரல்.

"வராதுங்க" என்றார் கடைசியில். "நம்ம மறை வராது."

மேகலா பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். ஹெல்மெட்டைக் கையில் எடுத்தாள்.

"அப்படின்னா டேங்க் மேல உக்காந்துக்கறீங்களாண்ணா?" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டே. "பின்னால உக்காந்தா உங்க கை எட்டாது. வால்பாறையில எறக்கி விட்டர்றேன்."

மயிலாத்தாள் சிரித்த சிரிப்பில் மாவுக் கரண்டி கீழே விழுந்தது. சிரித்துக்கொண்டே போய் டீக் கொதிகலனிலிருந்து வெந்நீர் பிடித்து, சோப்புத் தண்ணீர் கலந்து, விளாவிக் கொண்டு வந்து ஊற்றினாள். கை வந்தது. கட்டைவிரல் தோலில் ஒரு துண்டு மறையோடேயே தங்கிவிட்டது. பரஞ்சோதி அந்தக் கையை உதறிக்கொண்டு மற்றக் கையால் போல்ட்டைப் போட்டு முடுக்கினார். போல்ட் மட்டும் சுற்றியது. மறை நின்ற இடத்தில் நின்றது.

"பாத்தீங்களா" என்றார். "தோலுதான் வந்துச்சு. மறை வரல."

சாயங்காலம் வால்பாறையிலிருந்து மேகலா வீட்டுக்குப் போன் செய்தாள்.

"நனைஞ்சுட்டயா? கண்ணாடி வழியிலயே கழண்டு விழுந்திருக்குமே" என்றார் அப்பா.

"இல்லீங்கப்பா" என்றாள். "ஒம்பதாவது வளைவுல ஒரு ஆனை இழுத்துப் பாத்துச்சு. வரல."