லேட்டா வந்த பந்து

மில் பாஸ்கெட்பால் டீம் தனுஷ்கோடிக்கு மணிக்கட்டுல ஒரு கட்டு, முழங்கையில ஒரு கட்டு, தோள்ல பிளாஸ்திரி. மனுசன் பந்து போட வர்றாரா, ஆஸ்பத்திரியிலருந்து தப்பிச்சு வர்றாரான்னு கோர்ட்டுல ஒரே கேலி.

அவருக்குச் சிரிப்பு வரல. பதினோரு வருசமா கண்ண மூடிட்டுப் போட்டாலும் வளையத்துல விழுந்த பந்து, ரெண்டு மாசமா கம்பியில அடிச்சுட்டு வெளிய ஓடுது. ஞாயித்துக்கெழம மேட்ச்சுலயும் இப்படின்னா டீம்ல எடமில்லன்னு சொல்லிட்டாங்க.

கோச் பிலோமினாகிட்டப் போனாரு. அவங்க இவர விட நாலு வயசு சின்னவங்கதான். ஆனா விசில வாயில வச்சா இவரு நேரா நின்னுருவாரு.

"கோச், என் கையில என்ன கோளாறு?"

"கட்ட அவுருங்கண்ணே."

அவுத்தாரு. கோச் பந்த வீசுனாங்க. புடிச்சாரு, போட்டாரு. வெளிய. டக்குன்னு அடுத்தது. வெளிய. பத்துல ரெண்டு உள்ள போச்சு.

"பாத்தீங்களா? கைதான்!"

கோச் அடுத்த பந்தக் கையிலயே வச்சுக்கிட்டு நின்னாங்க.

"குடுங்க கோச்."

நின்னாங்க.

"அட குடுங்கன்னா! என்ன இவ்ளோ லேட்டு?"

கத்திக்கிட்டே முட்டிய மடக்குனாரு. அந்த நொடி பந்து நெஞ்சுக்கு வந்துச்சு. காலு, இடுப்பு, கை எல்லாம் ஒரே மூச்சுல எந்திரிச்சுது. பந்து கம்பியத் தொடாம வலைக்குள்ள எறங்குச்சு.

அடுத்ததும் லேட்டு. அதுக்கடுத்ததும் லேட்டு. பத்துல ஒம்பது உள்ள.

மொதல்லருந்து "லேட்டு, லேட்டு"ன்னு கத்துனவரு, பத்தாவதுக்கு வாயே தொறக்கல.

"நிமிந்து நிக்கிறப்பவே பந்து வந்துட்டா, கை மட்டும் தனியா போடுதுண்ணே. காலு கூட வரமாட்டேங்குது."

"அப்ப இத்தன வருசம்?"

"சாதிக் அண்ணன் உங்க முட்டியப் பாத்துத்தான் குடுத்திருக்காரு."

பதினோரு வருசமா அவருக்குப் பந்து குடுத்த ஆளு சாதிக். ரெண்டு மாசத்துக்கு முன்னாடி, "லேட்டாக் குடுக்கிறான், ஆள மாத்துங்க"ன்னு எல்லார் முன்னாடியும் சொன்னது தனுஷ்கோடிதான். சொன்னதோட விட்டாரா? சாதிக் மாதிரியே வாயப் பொளந்துக்கிட்டு, பந்தக் கட்டிப் புடிச்சுக்கிட்டு, தூங்குற மாதிரி நின்னு காட்டுனாரு. டீமே வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சுது. சாதிக்கும் சிரிச்சாரு. மறுநாள் டீம் பனியனத் தொவச்சு, மடிச்சு, குடுத்துட்டுப் போயிட்டாரு.

"நீங்களாவது அன்னிக்குச் சொல்லியிருக்கலாமே கோச்."

"எனக்கும் அவரு போனப்புறந்தான் தெரிஞ்சுது. அன்னிக்கு நானும் சிரிச்சேன்."

தனுஷ்கோடி சிமெண்டுத் தரையில உக்காந்தாரு. கட்டுத் துணியச் சுருட்டுனாரு. பிரிச்சாரு. மறுபடி சுருட்டுனாரு.

"கூப்பிட்டா வருவானா?"

"நேத்து போன் போட்டேன். 'கோடிக்குக் கை எப்படி இருக்கு'ன்னுதான் மொதல்ல கேட்டாரு."

"அப்புறம்?"

"வாங்கண்ணேன்னேன். 'நாந்தான் லேட்டாச்சேம்மா'ன்னு சிரிச்சாரு."