தாத்தா சுட்ட புலி

சிங்கம்பாறை ஜமீன்தாரிடம் ஒரு பிஸ்டல் இருந்தது. சுடச்சுட அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் ரகம். "எங்க தாத்தா இதாலதான் புலியைச் சுட்டார்" என்று வருகிறவர்களிடமெல்லாம் அளப்பார்.

ஒருநாள் விருந்துக்கு வந்த கலெக்டர், "எந்த வருஷத்துப் பிஸ்டல்?" என்று கேட்டுவிட்டார். ஜமீன்தார் பக்கத்தில் நின்ற வேலைக்காரன் சடையாண்டி மேல் பாய்ந்தார்.

"தாத்தா காலத்ததுன்னு துரைக்கு நிரூபிச்சுக் காட்டுடா. இல்லேன்னா உனக்கு இங்க வேலை கிடையாது!"

வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு அப்பிய சந்தனம் பிஸ்டலில் காய்ந்து கிடந்தது. சடையாண்டி அதைத் துடைத்தான். அடியில் 1912 என்று பொறித்திருந்தது. சுவரில் மாலை போட்ட தாத்தா படத்துக்குக் கீழே, 'மறைவு 1898'.

கலெக்டர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

சடையாண்டி கைகட்டிக்கொண்டு சொன்னான்: "சுட்டது பெரிய எசமான்தாங்க. உசுரோட இருந்தப்ப அவருக்கு நேரம் கிடைக்கலீங்க."