உயிரில்லாத குரல்

“இந்தக் குரல்ல உயிரே இல்ல, டீச்சர்” என்றார் சவரிமுத்து.

தில்ஷாத் கையை நீட்டி அவருடைய கீபோர்டைத் தேடிப் பிடித்தாள். இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தினாள்.

குரல் முன்னைவிட வேகமாகப் பேசத் தொடங்கியது.

“உயிர் இல்லங்கறேன். நீங்க வேகத்தக் கூட்டி விடுறீங்க!”

“நாளைக்கு வாங்க சார்.”

சவரிமுத்து ரயில்வேயில் கூட்ஸ் வண்டி கார்டாக இருந்தவர். ஐம்பத்தாறு வயது. சர்க்கரை முதலில் ஒரு கண்ணை எடுத்தது. அடுத்த வருடம் மற்றதையும் எடுத்துக்கொண்டது.

தில்ஷாத் அவரைவிட இருபது வயது இளையவள். பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. திருச்சி பாலக்கரையில், தையல் மெஷின் கடைக்கு மேலே ஒரே அறையில், பார்வையற்றவர்களுக்குக் கம்ப்யூட்டர் கற்றுக்கொடுத்தாள்.

அறையில் இருந்தவை பழைய கம்ப்யூட்டர்கள். அவற்றில் விலை கொடுத்து வாங்கிய மென்பொருள் ஒன்றுகூடக் கிடையாது. எழுதுவதற்கு ஒன்று. பாட்டுக் கேட்பதற்கு ஒன்று. அச்சடித்த பக்கத்தைப் படம் பிடித்துக் கொடுத்தால் எழுத்தாக மாற்றித் தருவதற்கு ஒன்று. யாரோ முகம் தெரியாதவர்கள் எழுதி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டவை.

திரையில் இருப்பதை வாய்விட்டுச் சொல்லும் ஸ்கிரீன் ரீடரும் அப்படி வந்ததுதான்.

அதன் தமிழ்க் குரலைத்தான் சவரிமுத்துவால் சகிக்க முடியவில்லை. தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து பேசுவதுபோல் இருந்தது. கல்யாணச் செய்தியையும் சாவுச் செய்தியையும் ஒரே மாதிரி சொன்னது.

மறுநாள் அவர் படியேறி வந்தபோது அறையில் வேறு யாரும் இல்லை. தில்ஷாத்தின் மேஜையிலிருந்து மட்டும் ஒரு சத்தம். எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோல் இடைவிடாத படபடப்பு.

“மெஷின் ரிப்பேரா டீச்சர்?”

“இல்லியே.”

“பின்ன என்ன சத்தம்?”

“பேப்பர் படிக்கிறேன்.”

சவரிமுத்து காதைக் கூர்மையாக்கிக் கேட்டார். அதே தகரக் குரல்தான், பல மடங்கு வேகத்தில். ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை.

“இதுவா படிக்கிறது?” என்றார்.

அவள் சத்தத்தை நிறுத்தினாள். “நீங்க படிச்சது எப்படி சார்? சொல்லுங்க.”

அவர் நாற்காலியைத் தடவி உட்கார்ந்தார்.

“கூட்ஸ் வண்டியில கடைசிப் பெட்டி கார்டுக்கு. ஒத்த ஆளு. எக்ஸ்பிரஸ் போகட்டும்னு நம்மள லூப் லைன்ல ஓரங்கட்டிடுவான். புள்ளம்பாடியில, அரியலூர்ல, எங்கயாவது. எப்ப சிக்னல் விழும்னு யாருக்கும் தெரியாது. சுத்திக் கருவேலங்காடு. எஞ்சின் அந்தக் கோடியில. ஒரு சத்தம் இருக்காது.”

“ம்.”

“புத்தகத்தத் திறப்பேன். அவ்வளவுதான். அப்புறம் நான் இருக்க மாட்டேன்.”

“யார் குரல்ல கேக்கும்?”

சவரிமுத்து யோசித்தார். “யார் குரலும் இல்ல, டீச்சர். அதான விஷயம். யாரும் வாசிக்கல. யாரும் கேக்கல. அது பாட்டுக்கு நடக்கும். கண்ணு போனதுகூடப் பரவாயில்ல. பிலோமினா முகம் மனசுல இருக்கு. மாதா கோயில் மணிக்கூண்டு இருக்கு. அது மட்டும் போயிருச்சு.”

“தெரியும்” என்றாள் தில்ஷாத்.

“உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க ஒரு எழுத்தக்கூடப் பாத்ததில்லியே.”

அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு விட்ட இடத்திலிருந்து பேப்பரைத் தொடர்ந்தாள்.

அவர் விரலால் படிக்கும் புள்ளி எழுத்தையும் முயன்று பார்த்தவர்தான். சர்க்கரையில் விரல் நுனிகள் மரத்துப்போயிருந்தன. புள்ளிகள் அவருக்கு மணலாக மட்டுமே தட்டுப்பட்டன.

மகன் ஜெரால்டு மஸ்கட்டில் இருந்தான். அப்பாவின் புலம்பலைக் கேட்டு ஒரு குரலை விலைக்கு வாங்கி அனுப்பினான். பெண் குரல். மனுஷியே பேசுவதுபோல் இருந்தது. கேள்விக்கு ஏறியது, முற்றுப்புள்ளிக்கு இறங்கியது. நடுவில் மூச்சுகூட விட்டது.

சவரிமுத்து அதை ஒரு கல்யாணப் பத்திரிகையைப்போல் தில்ஷாத்திடம் கொண்டுவந்து காட்டினார்.

“நல்லா இருக்கு” என்றாள் அவள். “ஒரு வாரம் இதையே கேளுங்க.”

ஒரு வாரம் கழித்துக் கேட்டாள். “என்ன படிச்சீங்க?”

“ஒரு கதை, டீச்சர். அடடா! என்ன குரல், என்ன இழைவு! பக்கத்துல வந்து உக்காந்து சொல்ற மாதிரியே இருக்கு.”

“கதை?”

“ஒரு வாத்தியார்…” என்று தொடங்கினார். “வாத்தியாருக்கு மாத்தல் வருது. அப்புறம்…”

அப்புறம் என்ன என்று அவருக்குத் தெரியவில்லை. தினமும் மூன்றாம் பக்கத்தில் தூங்கிப்போயிருந்தார்.

தில்ஷாத் மெல்லச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு அவரைச் சுட்டுவிட்டது.

“சிரிங்க டீச்சர். உங்களுக்குச் சிரிப்பு வரும். உங்களுக்கு இழக்க என்ன இருந்துச்சு? நான் இருந்த இடத்துலேர்ந்து விழுந்தவன்.”

சொன்ன பிறகு அவருக்கே கூசியது. ஆனால் மன்னிப்புக் கேட்க நாக்கு எழவில்லை. கைத்தடியை எடுத்துக்கொண்டு இறங்கிப்போனார். மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

வீட்டில் ஒரு புத்தகம் இருந்தது. மற்றவற்றையெல்லாம் அவர் கொடுத்துவிட்டார், இதைக் கொடுக்கவில்லை. பாதியில் நின்றது. இரண்டாவது கண்ணும் மங்கிக்கொண்டிருந்த நாட்களில், பூதக்கண்ணாடி வைத்து இழுத்துப் பறித்துப் படித்துவந்த நாவல்.

அதில் செம்பவளம் என்று ஒருத்தி. முத்துக் குளிக்கப் போன தம்பி திரும்பவில்லை. அவனைத் தேடித் தோணி ஏறுவதற்காகக் கரைக்கு வந்து நிற்கிறாள். தோணிக்காரன் ஏற்றமாட்டேன் என்கிறான். அந்தப் பக்கத்தில் எழுத்துகள் அவருக்குக் கலைந்துபோயின.

வகுப்புக்குப் போகாத அந்த நாட்களில் ஒருநாள் மனைவி பிலோமினா அதை எடுத்துக்கொண்டு அருகில் வந்து உட்கார்ந்தாள். “நான் வேணா வாசிக்கட்டுமாங்க?”

வாசித்தாள். நாலு வரி போனதும் அவள் குரல் கம்மியது. கதைக்காக அல்ல, இவருக்காக. அது அவருக்குத் தெரிந்துவிட்டது. அதன் பிறகு அவருக்குக் கதை கேட்கவில்லை. மனைவி அழாமலிருக்கப் பாடுபடுவது மட்டும்தான் கேட்டது.

“போதும்மா” என்றார்.

“நல்லா வாசிக்கலியா?”

“நல்லாத்தான் வாசிச்ச. ஆனா அவ இன்னும் கரையிலயே நிக்கிறா, பிலோ. ரெண்டு வருஷமா நிக்கிறா.”

மறுநாள் பிலோமினா அந்தப் புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு தனியாகப் பாலக்கரைக்குப் போனாள்.

“அவரு பேசினத மனசுல வச்சுக்காதீங்கம்மா” என்றாள் தில்ஷாத்திடம்.

“என்ன பேசினாரு? எனக்கு ஞாபகம் இல்லியே.”

பிலோமினா கண்ணைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தை அவள் மடியில் வைத்தாள். “இத ஏதாவது பண்ண முடியுமா?”

தில்ஷாத் பக்கங்களைக் கட்டைவிரலால் சரசரவென்று ஓட்டிப் பார்த்தாள். முகர்ந்தாள்.

“உங்ககிட்ட போன் இருக்காக்கா? வெளிச்சமான இடமா பாத்து ஒவ்வொரு பக்கமா படம் எடுங்க. நிழல் விழக் கூடாது. மீதிய நான் பாத்துக்கறேன்.”

பிலோமினா சமையலறை ஜன்னலோரம் வைத்து, சோறு வேகும் நேரங்களில் எடுத்தாள். பக்கம் மடங்காமலிருக்க ஒரு ஓரத்தில் உப்பு ஜாடி, மறு ஓரத்தில் டம்ளர். போனின் ‘டிக்’கைக் கேட்டுக் கணவர் என்ன சத்தம் என்று கேட்டால், “பல்லி” என்றாள்.

தில்ஷாத்தின் கம்ப்யூட்டர் படங்களை எழுத்தாக்கியது. சில இடங்களில் ‘கடல்’ ‘கடன்’ ஆகியிருந்தது. தில்ஷாத் ஒவ்வொரு வரியாகக் கேட்டுத் திருத்தினாள்.

திருத்தி முடித்ததும் சவரிமுத்துவுக்குப் போன் செய்தாள்.

“உங்க புத்தகம் எங்கிட்ட கம்ப்யூட்டர்ல இருக்கு சார்.”

அவர் அன்றைக்கே வந்தார். வாசலிலேயே நின்றார். “டீச்சர், அன்னைக்கு நான்…”

“உக்காருங்க.”

உட்கார்ந்தார். “குடுங்க.”

“இன்னும் இல்ல.” அவள் அன்றைய செய்தித்தாளைத் திறந்துவிட்டாள். பழைய தகரக் குரல். வேகத்தை ஒரு படி ஏற்றினாள். “கேட்டுட்டு என்ன செய்தின்னு சொல்லுங்க.”

செய்தி முடிந்தது.

“என்ன செய்தி?”

“‘மழை’ய ‘மளை’ங்குது டீச்சர்.”

“செய்தி?”

அவர் விழித்தார்.

“நாளைக்கு வாங்க.”

மறுநாள் வேகம் இன்னொரு படி ஏறியது. “துரத்துற மாதிரி இருக்கு” என்றார். அதற்கடுத்த முறை, “மூச்சு வாங்குது” என்றார். ஒருநாள் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் போட்டார்.

“எதுக்கு இந்த ஓட்டம்? நிதானமாக் கேட்டா ஆகாதா?”

“லூப் லைன்ல உக்காந்து எழுத்துக்கூட்டியா படிச்சீங்க?” என்று கேட்டாள் தில்ஷாத்.

அவர் ஹெட்போனை மறுபடி எடுத்து மாட்டிக்கொண்டார்.

சில வாரங்கள் போயின. அவர் குரலைத் திட்டுவது குறைந்தது. திட்ட நேரமில்லை. ஒரு சொல்லை விட்டால் அடுத்த மூன்று சொற்கள் போய்விட்டிருக்கும்.

ஒருநாள் அவள் வழக்கம்போல் கேட்டாள். “என்ன செய்தி?”

“அநியாயம், டீச்சர்! வாய்க்கால மூடிக் கடை கட்டிட்டான். இப்ப தண்ணி வயலுக்கு வராம ரோட்டுல ஓடுது. கேக்க ஆளில்ல. கலெக்டர் ஆபீஸ் வாசல்ல பொம்பளைங்க நாத்தோட உக்காந்திருக்காங்க…” அவர் மேஜையைத் தட்டிப் பேசிக்கொண்டே போனார்.

தில்ஷாத் முழுவதும் கேட்டாள். பிறகு எழுந்து வந்து, அவருடைய கம்ப்யூட்டரில் நாவலைத் திறந்துவைத்தாள்.

“உங்க பக்கம் எதுன்னு அக்கா சொன்னாங்க. அங்கயே நிறுத்தியிருக்கேன்.”

சவரிமுத்துவின் கை விசைமேல் போய் நின்றது. அழுத்த மனம் வரவில்லை.

“பயமா இருக்கு டீச்சர்.”

அவள் தன் இடத்துக்குத் திரும்பிப் போய்விட்டாள்.

அவர் அழுத்தினார்.

செம்பவளம் கரையில் நின்றுகொண்டிருந்தாள். தோணிக்காரன் முகத்தைத் திருப்பிக்கொண்டு வடத்தை அவிழ்த்தான். அவள் கெஞ்சவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினாள். முழங்கால் வரை. இடுப்பு வரை. தோணியின் விளிம்பை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். தோணிக்காரன் துடுப்பை ஓங்கினான். அவள் விடவில்லை. அவன் கை ஓங்கியபடியே நின்றது. பிறகு துடுப்பைக் கீழே போட்டுவிட்டு, குனிந்து, அவள் மணிக்கட்டைப் பற்றி மேலே இழுத்தான். கரை விலகியது. வாடைக்காற்றில் பாய் புடைத்தது. தூரத்தில் தீவு ஒரு கறுத்த கோடாகத் தெரிந்தது. அந்தக் கோட்டில் ஓரிடத்தில் புகை எழுந்தது.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. மற்ற மாணவர்கள் கைத்தடியைத் தட்டிக்கொண்டு ஒவ்வொருவராகப் படியிறங்கினார்கள். கீழே தையல் மெஷின் கடைக்காரர் ஷட்டரை இழுத்தார்.

பிலோமினா குடையை மடக்கியபடி மேலே வந்தாள். “என்னங்க, போலாமா?”

அவரிடம் அசைவில்லை. தலை கொஞ்சம் சாய்ந்திருந்தது. உதடுகள் லேசாகத் திறந்திருந்தன.

பிலோமினா பயந்துவிட்டாள். “தூங்கிட்டாரா? உடம்புக்கு ஏதாச்சுமா?”

தில்ஷாத் நாற்காலிகளைத் தொட்டுத் தொட்டு வந்து அவர் தோளைப் பிடித்தாள். ஹெட்போனின் ஒரு பக்கத்தைக் காதிலிருந்து விலக்கினாள்.

“சார், அக்கா வந்திருக்காங்க. ஏதோ சொல்றாங்க, கேளுங்க.”

சவரிமுத்து அவள் கையை விலக்கினார்.

“கொஞ்சம் சத்தம் போடாம இருங்க ரெண்டு பேரும். படிச்சுக்கிட்டிருக்கேன்.”