மெழுகுப் பதம்

சீடருக்கு வயசு ஐம்பத்தாறு. குருவுக்கு நாற்பத்தொண்ணு. அப்படியும் அமையும்தானே.

பூதலிங்கம் கல்குவாரியில் இருபது வருஷம் துளை மிஷின் பிடித்தவர். தோள் இறுகிப்போய் வைத்தியர் பகவதியம்மாளிடம் வந்தார். தோள் இளகியது. ஆள் ஊருக்குத் திரும்பவில்லை. தொழில் கற்க அங்கேயே இருந்துவிட்டார்.

மூலிகை பேரெல்லாம் வந்தது. கட்டு, பற்று, ஒத்தடம் வந்தது. வாத எண்ணெய் காய்ச்சுவது மட்டும் வரவில்லை.

எண்ணெயில் அரைத்துப் போட்ட மூலிகை அடியில் படியும். அதை எடுத்து விரலில் உருட்டிப் பார்க்கணும். சேறு மாதிரி ஒட்டினால் பச்சை. மணல் மாதிரி உதிர்ந்தால் தீய்ந்தது. மெழுகு மாதிரி திரளும்போது இறக்கணும்.

பூதலிங்கம் இரண்டு தடவை தீய்த்தார். மூன்றாவது தடவை கடிகாரம் பார்த்து இறக்கினார். பச்சை.

"அண்ணாச்சி, உருட்டிப் பார்த்தீங்களா?"

"பார்த்தேம்மா."

"எப்படி இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு."

"நல்லா இருக்க இது என்ன பாயசமா?"

அந்த எண்ணெய்க்காகக் காத்திருந்த தவில்காரர் வேலப்பன் சிரித்துவிட்டார். மூணு விரல் வீங்கி மடங்காமல் கிடந்தது அவருக்கு.

பூதலிங்கம் சிரிக்கவில்லை. கையை விரித்துக் காட்டினார்.

"மிஷின் அதிர்ந்து அதிர்ந்து விரல் நுனியெல்லாம் மரத்துப் போச்சும்மா. சொன்னா போகச் சொல்லிருவீங்கன்னு மறைச்சேன். தொட்டா தெரியாதவன் வைத்தியனாக முடியுமா?"

பகவதியம்மாள் சட்டியை மறுபடி அடுப்பில் ஏற்றினாள். கொஞ்சம் வண்டலை எடுத்து, சூடு ஆற்றி, வேலப்பன் விரலில் வைத்தாள்.

"உருட்டுங்க."

"நானா? என் விரலே கட்டை மாதிரி கிடக்கு."

"மடங்கத்தான் மாட்டேங்குது. நுனிக்குத் தெரியும்ல?"

வேலப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு உருட்டினார். "ஒட்டுது."

கொஞ்சம் பொறுத்து மறுபடி வைத்தாள்.

"இன்னும் ஓரத்துல ஒட்டுது."

மூன்றாவது தடவை அவர் முகம் மாறியது. "இப்ப ஒட்டலை. தவில் அடிக்க விரல்ல மாட்டுற கூட்டுக்கு நாங்க காய்ச்சுற பசை இருக்கே, அது மாதிரி திரளுது."

"இறக்குங்க அண்ணாச்சி."

பூதலிங்கம் இறக்கினார். தொட்டுப் பார்த்த பகவதியம்மாள் தலையை ஆட்டினாள். நல்ல மெழுகுப் பதம்.

பூதலிங்கத்துக்கு மனசு ஆறவில்லை.

"இவர் விரல் சொல்லிச்சு, நான் இறக்கினேன். இதுல என் வைத்தியம் எங்கேம்மா இருக்கு?"

பகவதியம்மாள் வேலப்பன் கையை எடுத்துப் பூதலிங்கத்தின் மடியில் வைத்தாள்.

"எனக்கு இன்னைக்கு வரைக்கும் ஒரு மூட்டும் வலிச்சதில்லை அண்ணாச்சி. வர்றவங்களைக் கேட்டுக் கேட்டுத்தான் பதினெட்டு வருஷமா வைத்தியம் பார்க்கிறேன்."