கீழ்கரையில் கால் வைத்தது யார்?

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவர் என் சம்பந்தி செண்பகவல்லி அம்மாள். போன வருஷம் ஐப்பசியில், அமெரிக்காவில் மகள் வீட்டில் நான் இருந்தபோது சொன்னார். கடைத்தெருவில் ஒரு கடை வாசலில் ஜனங்கள் அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். "என்ன விற்கிறான்?" என்றேன். "கஞ்சா" என்றார் சம்பந்தி, ஏதோ கத்தரிக்காய் என்பதுபோல. "முருகா!" என்று வாய்விட்டே வந்துவிட்டது எனக்கு. "இந்த மாநிலத்தில் சட்டப்படி வாங்கலாம். மாநில எல்லையைத் தாண்டிக் கொண்டுபோனால் குற்றம்" என்று சிரித்தவர், வீடு வந்து சேரும் வரைக்கும் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டே வந்தார்.

கனகரங்கர் என்று ஒரு ராசா. அவர் நாட்டுக்கு நடுவே ஒரு ஆறு. இரண்டு கரையும் அவருக்குத்தான் சொந்தம், ஆனால் சட்டம் மட்டும் கரைக்கு ஒன்று. மேல்கரையில் கஞ்சா இலைக்கு அரசாங்கக் கடை உண்டு. இருபத்தொரு வயது ஆகியிருக்க வேண்டும், வைத்தியர் ஓலை வேண்டும், முத்திரை போட்ட பையில்தான் தருவார்கள். கீழ்கரையிலோ, 'இலையோடு இந்த மண்ணில் கால் வைப்பவர் யாராக இருந்தாலும் மொட்டையடித்து நாடு கடத்தப்படுவார்'.

அந்தக் கீழ்கரைச் சட்டத்தை எழுதியவர் சுங்கத் தலைவர் பூவலிங்கம். சட்டம் எழுதினாரே தவிர, ஒரு நோயாளி வீட்டு வாசலை எட்டிப் பார்த்திருப்பாரா? மாட்டார். அவருக்குப் பிடித்தது வேறு. யாரிடமாவது எதையாவது பிடித்துவிட்டால் போதும், கழுத்தில் மாலை, முன்னால் தப்பட்டை, பிடித்த சாமானைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக அரண்மனைக்கு நடப்பார். காவலர் கையில்கூடக் கொடுக்க மாட்டார். பெருமையில் பங்கு போய்விடுமாம்!

கீழ்கரையில் ஒச்சம்மா என்று ஒருத்தி. அவள் புருஷன் தவசிக்கு வயிற்றில் கட்டி. வலியில் பாயைக் கடித்துக்கொண்டு கிடப்பான். வைத்தியர் ஓலை எழுதிக் கொடுத்தார். அவளும் மேல்கரைக்குப் போய் முறையாக வரிசையில் நின்று வாங்கினாள். "இது குற்றமில்லையே அண்ணாச்சி?" என்று கடைக்காரனிடம் இரண்டு தடவை கேட்டாள். "ஓலை இருக்கும்போது என்ன பயம்?" என்றான் அவன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேறு சட்டம் என்று சொல்லவேண்டுமே? சொல்லவில்லை.

பரிசல் நடு ஆற்றில் வரும்போது சுங்கப் பரிசல் வந்து மறித்தது. பூவலிங்கம் பையைப் பிடுங்கினார். மறுநாள் சபையில் அவளை நிறுத்தினார்கள்.

"இவளை இன்றைக்கே துரத்தணும் மகாராசா!" என்றார் பூவலிங்கம்.

"நான் போய்விட்டால் அந்த மனுஷனுக்கு ஒரு வாய் தண்ணி கொடுக்க ஆள் கிடையாது சாமி" என்றாள் ஒச்சம்மா. அழக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

ராசாவுக்கு மனசு கேட்கவில்லை. சட்டத்தில் அவர் முத்திரை இருக்கிறதே, என்ன செய்வார்? மூலையில் உட்கார்ந்திருந்த அரண்மனைச் சம்பிரதி ஆதிமூலத்தைப் பார்த்தார். ஓலை எழுதுகிற ஆள், வாய் ரொம்பக் கூர்மை. ஆதிமூலம் எழுந்தார்.

"தலைவரே, அருமையான சட்டம். பெரிய அதிகாரி என்றால் விலக்கு ஏதாவது உண்டோ?"

"ஒருத்தருக்கும் கிடையாது! 'யாராக இருந்தாலும்' என்று எழுதியது நானேதான்!"

"பேஷ். தாயி, உன்னை எங்கே பிடித்தார்கள்?"

"நடு ஆத்துல சாமி. பரிசல்ல."

"அப்புறம் கரை ஏறினாயே, அப்போது பை உன் கையில் இருந்ததா?"

"இல்லையே சாமி. இவுகதான் தலைக்கு மேல தூக்கிட்டு முன்னால போனாக. நான் வெறுங்கையோட பின்னால வந்தேன்."

"தப்பட்டை உண்டா?"

"ஊரே வேடிக்கை பாத்துச்சு சாமி."

ஆதிமூலம் ராசாவைக் கும்பிட்டார். "மகாராசா, நேற்று இலையோடு கீழ்கரை மண்ணில் கால் வைத்தவர் ஒரே ஒருவர்தான். அதுவும் கழுத்தில் மாலையோடு. சாட்சிக்கு ஊரே இருக்கிறது. நாவிதரைக் கூப்பிடலாமா?"

சபை கொல்லென்று சிரித்தது. பூவலிங்கத்தின் கை தானாகக் குடுமிக்குப் போனது. நேற்று வரைக்கும் எத்தனையோ பேர் தலையை மழிக்கச் சொன்ன வாய், இன்றைக்குத் தன் குடுமிக்காகக் குழறுகிறது!

"மகாராசா! சட்டத்தில் சின்னத் திருத்தம்! ஓலை வைத்திருக்கும் நோயாளிக்காக யார் கொண்டுவந்தாலும், எந்தக் கரைக்குக் கொண்டுவந்தாலும் குற்றமில்லை!"

"எப்போதிலிருந்து?" என்றார் ராசா.

"நேற்றுக் காலையிலிருந்து!"

"எழுதும் ஆதிமூலம்." ராசா முத்திரையைக் குத்தினார். "ஆக, நீர் அந்தப் பையை நோயாளிக்காகத்தான் கொண்டுவந்தீர்?"

"சத்தியமாக நோயாளிக்காகத்தான் மகாராசா!"

ஆதிமூலம் பையை எடுத்து அவர் தலைமேல் வைத்தார். "பிறகு ஏன் தலைவரே இன்னும் நிற்கிறீர்? தவசி வலியில் கிடக்கிறான். கொண்டுபோய்க் கொடும். டேய், தப்பட்டையை எடுங்கள்!"

ராசா சிரித்த சிரிப்பில் கிரீடம் கழன்று மடியில் விழுந்ததாம். காதில் கிடந்த வைரக் கடுக்கனைக் கழற்றி ஆதிமூலத்துக்குக் கொடுத்தார். அன்றைக்கும் ஊரே வேடிக்கை பார்த்தது. முன்னால் தப்பட்டை, நடுவில் தலையில் பையோடு பூவலிங்கம், பின்னால் வெறுங்கையோடு ஒச்சம்மா.

எல்லா ஊரிலும் ஆதிமூலம் இருக்கமாட்டார். அதனால் உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அமெரிக்காவில் உங்கள் பிள்ளைகள் இருந்தால், அடுத்த மாநிலத்துக்குக் காரில் கிளம்பும்போது, "பையில் அது இருக்கிறதா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.